சின்னப் பிள்ளையின் நிறை: எதற்குக் கவலைப்படுவது, எதற்குக் கவலைப்படாதிருப்பது

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற தாய்மார் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் நாம் பிள்ளைகளாக இருந்த காலத்தில் மனையியலும் சுகாதாரமும் படித்தோம். வளர்ச்சி தரும் உணவு, சக்தி தரும் உணவு, பாதுகாப்புத் தரும் உணவு என்று மூன்றாகப் பிரித்து எழுதினோம். புள்ளிகளும் வாங்கினோம். ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினால் என்ன செய்வது என்று எந்தக் கொப்பியிலும் நாம் எழுதவில்லை. இன்று எம்மைப் பேசக் கேட்டிருப்பது அதைப் பற்றித்தான்.

குழந்தை மருத்துவத்தில் வேலை செய்யும் எங்களிடம் வரும் தாய்மாரின் கேள்விகள் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. "டொக்டர், இவன் ஒண்டும் சாப்பிடுறானில்லை." "பக்கத்து வீட்டுப் பிள்ளை இவளிலும் பார்க்க ரெண்டு மாதம் இளையது, ஆனா நல்ல கொழுகொழு எண்டு இருக்கு." "பசிக்கிறதுக்கு ஒரு மருந்து எழுதித் தாங்கோ." இவற்றுக்குப் பின்னால் இன்னொரு வசனமும் இருக்கிறது. அதைச் சிலர்தான் வாய்விட்டுச் சொல்வார்கள்: "எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது எண்டு மாமி சொல்லுறா."

எனவே இன்று இரண்டு விடயங்களைப் பேசுவோம். முதலாவது, எந்தப் பிள்ளையின் நிறையைப் பற்றி நாம் உண்மையில் கவலைப்பட வேண்டும் என்பது. இரண்டாவது, கவலை தேவையில்லாத பிள்ளையை நம் பயத்தால் எப்படிக் கெடுக்கிறோம் என்பது. இவை ஒன்றோடொன்று தொடர்புடையவை. கொழுத்த பிள்ளைதான் சுகமான பிள்ளை என்று நினைக்கும் ஊரில், மெலிந்திருந்தாலும் சுகமாக வளரும் பிள்ளைக்கு வாயில் திணிப்பார்கள். நன்றாக வளர்ந்துகொண்டிருந்து திடீரென்று நின்றுபோன பிள்ளையையோ ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.

முதலில் சில கணக்குகள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி நியமங்களின்படி ஒரு பெண் பிள்ளை பிறக்கும்போது நடுத்தரமாக 3.2 கிலோ இருப்பாள். மூன்று மாதத்தில் 5.8 கிலோ. ஒரு வயதில் 8.9 கிலோ. இரண்டு வயதில் 11.5 கிலோ. ஆண் பிள்ளை ஒரு வயதில் 9.6, இரண்டு வயதில் 12.2. இந்த எண்களைச் சற்றுக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். பெண் பிள்ளை முதல் மூன்று மாதத்தில் ஏறுவது 2.6 கிலோ. ஒரு வயதிலிருந்து இரண்டு வயதுவரை ஏறுவதும் அதே 2.6 கிலோதான். மூன்று மாதத்தில் செய்த வேலையைச் செய்ய இப்போது பன்னிரண்டு மாதம் எடுக்கிறாள்.

இதில் பிழை எதுவும் இல்லை. இயற்கை அப்படித்தான் வைத்திருக்கிறது. முதலாம் ஆண்டில் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளம் கூடும் பிள்ளை இரண்டாம் ஆண்டில் அதில் பாதியளவே கூடுகிறது. வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் மெதுவாகும். அதே நேரத்தில் பிள்ளை நடக்கத் தொடங்குகிறது, ஓடுகிறது, அலுமாரியைத் திறக்கிறது, கோழியைத் துரத்துகிறது. கையில் இருந்த சதை மடிப்புகள் கரைகின்றன. பிள்ளை நீண்டு மெலிந்து தெரிகிறது. வீட்டார் அதைப் பார்த்து, "எட்டு மாதத்தில் எப்படி இருந்தவள், இப்ப எலும்பும் தோலுமாய்ப் போனாள்" என்று சொல்கிறார்கள். அநேகமாக அவள் போக வேண்டிய பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறாள்.

இன்னுமொரு கணக்கு. சுகமாக வளரும் இரண்டு வயதுப் பெண் பிள்ளைகள் 9 கிலோவிலிருந்து ஏறக்குறைய 15 கிலோவரை இருக்கலாம். ஒரே வயது, ஒரே வீதி, இரண்டு பிள்ளைகளுக்கிடையே நான்கு கிலோ வித்தியாசம் இருந்தும் இருவரும் சுகமாக இருக்கலாம். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளை நமக்கு அளவுகோல் அல்ல. நம் பிள்ளைக்கு அளவுகோல் நம் பிள்ளையின் போன மாதம்.

போன மாதத்தை எங்கே பார்ப்பது? பிள்ளை பிறந்ததும் கையில் தரப்படும் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில், நாம் "கிளினிக் கொப்பி" என்று சொல்வதில். தடுப்பூசித் திகதி பார்க்க மட்டும் அதைத் திறந்து மூடுபவர்கள் அதிகம். நடுப்பக்கங்களில் இருக்கும் வரைபுகளை விரித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

அந்த வரைபுக்கு ஒரு வரலாறு உண்டு. டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1950களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இமேசி-இலே என்ற கிராமத்தில் வேலை செய்தார். மெலிந்து வாடிய பிறகு பிள்ளையைக் கொண்டுவந்தால் காலம் கடந்துவிடுகிறது என்பதை அவர் கண்டார். மாதாமாதம் நிறையைக் குறித்தால் பிள்ளை வாடுவதற்கு முன்பே கோடு சாயத் தொடங்குவது தெரியும். அந்த அட்டையை மருத்துவமனை அலுமாரியில் வைக்காமல் தாயின் கையிலேயே அவர் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் அதைப் பத்திரமாகக் காத்துக் கொண்டுவந்தார்கள். கோடு ஏறினால் நல்லது, படுத்தால் கேள், விழுந்தால் ஓடி வா என்பதை விளங்கிக்கொள்ளப் பட்டம் தேவையில்லை.

இன்று எங்கள் கொப்பியில் உள்ள வரைபு 2006ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நியமங்களை அடிப்படையாகக் கொண்டது. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறக்குறைய 8,500 பிள்ளைகளை அளந்து அதை உருவாக்கினார்கள். தாய்ப்பால் குடித்து, புகைபிடிக்காத தாய்மாரிடம், நல்ல சூழலில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். நோர்வேயின் பிள்ளையும் டில்லியின் பிள்ளையும் முதல் ஐந்து வயதில் ஏறக்குறைய ஒரே மாதிரி உயரமாவதை அந்த ஆய்வு காட்டியது. "அது வெள்ளைக்காரப் பிள்ளையளின்ர கணக்கு, எங்கட ஆக்கள் சின்ன உடம்புக்காரர்" என்று நாம் சொல்லித் தப்ப முடியாது. தாய் தகப்பன் குள்ளமாக இருந்தால் பிள்ளையும் சற்றுக் குள்ளமாக இருக்கலாம், அது வேறு. ஊர் முழுவதும் குள்ளமாக இருந்தால் அதற்குப் பரம்பரையை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

வரைபை வாசிப்பது எப்படி? ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் வேறு வேறு வரைபு. நடுவே ஓடும் கோடு இடையம். நூறு சுகமான பிள்ளைகளில் ஐம்பது பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். "நடுக்கோட்டுக்குக் கீழே இருக்கிறாள்" என்று அழ வேண்டியதில்லை. இடையத்திலிருந்து இரண்டு நியம விலகல் கீழே போனால் செம்மஞ்சள் நிறப் பகுதி, மூன்று போனால் சிவப்பு. சுகமான நூறு பிள்ளைகளிலும் இரண்டு அல்லது மூன்று பேர் இயல்பாகவே செம்மஞ்சளில் இருப்பார்கள். அவர்கள் பிறந்தபோதே சிறியவர்களாக இருந்து, கோட்டுக்குச் சமாந்தரமாக ஏறிக்கொண்டு, ஓடி விளையாடிக்கொண்டிருந்தால், நாங்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்போமே தவிர மருந்து கொடுக்க மாட்டோம்.

இங்கே ஒரு முக்கியமான விடயம். நிறத்தைவிடத் திசை பெரிது. பச்சையின் மேற்பகுதியில் இருந்த பிள்ளை நான்கு மாதத்தில் பச்சையின் அடிப்பகுதிக்கு இறங்கிவிட்டால், அவள் இன்னும் பச்சையில்தான் இருக்கிறாள். கொழுகொழு என்றும் இருக்கலாம். ஆனாலும் அவள்தான் எங்களுக்குக் கவலை தரும் பிள்ளை. செம்மஞ்சளில் இருந்தபடியே ஒழுங்காக ஏறும் பிள்ளையைவிட அவளை நாங்கள் முதலில் கூப்பிடுவோம்.

நிறையோடு நீளத்தையும் அளக்க வேண்டும். நீளத்துக்கு ஏற்ற நிறை இல்லாவிட்டால் அது மெலிவு. அண்மையில் வந்த நோயையோ உணவுக் குறைவையோ அது காட்டும். வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாவிட்டால் அது நீண்ட காலமாக நடந்துவந்த குறைவு. குட்டையாக இருக்கும் பிள்ளையை மெலிவு என்று நினைத்து மாவும் சீனியும் கொடுத்தால், உயரம் கூடாமல் கொழுப்பு மட்டும் கூடும். இரண்டு வயதுக்குக் கீழே பிள்ளையைப் படுக்க வைத்துத்தான் நீளம் அளக்க வேண்டும். தலையை ஒருவரும் காலை ஒருவரும் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். நிறுக்கும்போது காப்பும் அரைஞாணும் நனைந்த பம்பர்ஸும் கழற்றப்பட வேண்டும், தராசு பூச்சியத்தில் நிற்க வேண்டும். ஒரு மாதம் கடைத் தராசிலும் மறு மாதம் கிளினிக் தராசிலும் நிறுத்துவிட்டு "அரைக் கிலோ குறைஞ்சுபோச்சு" என்று நித்திரை இல்லாமல் கிடந்த தாய்மாரை நாங்கள் கண்டிருக்கிறோம். குறைந்தது பிள்ளை அல்ல, தராசுதான் வேறு.

சில அம்மம்மாமாருக்குப் பிள்ளையை அடிக்கடி நிறுப்பது பிடிக்காது, நாவூறு படும் என்பார்கள். அவர்களோடு நாங்கள் வாதாடுவதில்லை. நெற்றியில் பொட்டை வைத்துக்கொண்டு வாருங்கள் என்போம். தராசு பிள்ளையைப் புகழ்வதில்லை, பார்த்து எண்ணைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இனி, சாப்பாட்டு விடயம். ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 800 முதல் 900 கலோரி தேவை. எங்களிடம் வரும் "சாப்பிடாத பிள்ளைகளின்" ஒரு நாளை நாங்கள் விடியலிலிருந்து இரவுவரை தாயிடம் கேட்டு எழுதுவோம். பல வீடுகளில் கணக்கு இப்படி வரும். விடிய ஒரு போத்தல் பால். பத்து மணிக்கு இரண்டு பிஸ்கட். பதினொரு மணிக்கு இன்னொரு போத்தல். மத்தியானம் சோற்றுக்கு வாய் திறக்கவில்லை என்று மறுபடி பால். பின்னேரம் தேத்தண்ணியில் தோய்த்த பணிஸ். இரவு படுக்கையில் இரண்டு போத்தல். மொத்தம் ஒரு லீற்றர் பாலுக்கு மேல். ஒரு லீற்றர் முழு ஆடைப்பாலில் 600 கலோரிக்கு மேல் இருக்கிறது. பிள்ளையின் வயிற்றில் சோற்றுக்கு இடம் எங்கே? அது சாப்பிடாத பிள்ளை அல்ல, குடித்து நிறைந்த பிள்ளை.

பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. பாலே உணவான பிள்ளைக்கு இரத்தச் சோகை வரும். இரத்தச் சோகை வந்தால் பசி இன்னும் குறையும், எரிச்சல் கூடும், சிலர் மண்ணும் சுண்ணாம்பும் தின்பார்கள். பசி குறைந்ததென்று தாய் இன்னொரு போத்தல் கரைப்பாள். இந்தச் சக்கரத்தை உடைக்கப் பசி மருந்து தேவையில்லை. ஒரு வயதுக்குப் பின் பாலை நாளுக்கு ஏறக்குறைய 400 முதல் 500 மில்லிலீற்றருக்குள் கொண்டுவந்து, போத்தலை விட்டுக் கப்பில் கொடுத்து, அதையும் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால், பல பிள்ளைகளின் பசி இரண்டு மூன்று வாரத்தில் திரும்பி வரும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம், அதற்குத் தடை இல்லை. தேத்தண்ணி மட்டும் வேண்டாம். அது சாப்பாட்டில் உள்ள இரும்பை உடலில் சேரவிடாது.

இரண்டாவது காரணம், தண்ணியான சாப்பாடு. பிள்ளைக்குச் செமிக்காது என்ற பயத்தில் கஞ்சியை வடித்து, சூப்பை வடித்து, காய்கறியை எறிந்துவிட்டுத் தண்ணியைப் பருக்குகிறோம். பிள்ளையின் வயிறு சிறியது. அதில் தண்ணி போனால் சத்துப் போகாது. கரண்டியைச் சரித்தால் வழுக்கி ஓடாமல் நிற்கும் பதம் வேண்டும். ஒரு வயதில் பிள்ளை வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிடலாம், உறைப்பைக் குறைத்து முன்பே எடுத்து வைத்தால் போதும். குழைந்த சோறு, பருப்பு, ஒரு முட்டை அல்லது முள் எடுத்து மசித்த சூடை மீன், கீரி மீன், பொடித்த நெத்தலி, நன்றாக அவிந்த முருங்கையிலை, அதில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது கட்டித் தேங்காய்ப்பால். ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 40 கலோரி. பிள்ளை ஒரு வாய்கூட அதிகமாகச் சாப்பிடாமல் அந்தச் சக்தி உள்ளே போய்விடும். கொஞ்சம் தேசிக்காய்ப் புளியோ ஒரு துண்டு கொய்யாப்பழமோ சேர்ந்தால் இலைக்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்பு நன்றாகச் சேரும்.

நமது ஆச்சிமார் செய்த பயத்தங்கஞ்சி, உழுத்தங்களி, குரக்கன் களி ஆகியவை எந்த டின் உணவுக்கும் குறைந்தவை அல்ல. கச்சானும் நல்லது, ஆனால் அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். முழுக் கச்சான் மூச்சுக் குழாயில் போய் உயிராபத்தில் முடியும். இரண்டு வயதுவரை சீனியும் சோடாவும் பைக்கற் ஜூஸும் தேவையே இல்லை. மூன்று நேரச் சாப்பாடு, இடையில் ஒன்றோ இரண்டோ சிற்றுணவு, இடைப்பட்ட நேரத்தில் தண்ணீர் மட்டும். பிஸ்கட்டைக் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிள்ளைக்குப் பசி என்பது என்னவென்றே தெரியாமல் போய்விடும்.

மூன்றாவது காரணம், ஊட்டும் விதம். இதுதான் அதிகம் கண்ணீர் வரும் இடம். ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் மூக்கைப் பொத்த, ஒருவர் கரண்டியைத் திணிக்கிறார். அல்லது கைத்தொலைபேசியில் கார்ட்டூன் ஓட, பிள்ளை எதைத் தின்கிறோம் என்று தெரியாமலே வாய் திறக்கிறது. அல்லது கோப்பையோடு வீதி வீதியாக ஒன்றரை மணித்தியாலம் ஊர்வலம். அமெரிக்க உணவியலாளர் எலின் சாற்றர் இதற்கு ஓர் எளிய பங்கீட்டைச் சொன்னார். எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, எங்கே கொடுப்பது, இவை பெரியவரின் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது, இவை பிள்ளையின் பொறுப்பு. நம் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, "உனக்கு என்ன வேணும், நூடில்ஸா பிஸ்கட்டா" என்று கேட்கிறோம். பிள்ளையின் வேலையை நாம் எடுத்துக்கொண்டு, "இன்னும் நாலு வாய்" என்று திணிக்கிறோம்.

பிள்ளையை நிலத்தில் பாயிலோ கதிரையிலோ இருத்தி, குடும்பத்தோடு சேர்த்து, அதற்கென்று ஒரு கோப்பையில் போடுங்கள். சிந்தட்டும், பிசையட்டும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கோப்பையை எடுத்துவிடுங்கள். திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம், அடுத்த நேரம்வரை இடையில் ஒன்றும் கொடுக்கவும் வேண்டாம். ஒரு புதிய உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்துத் தடவைகூடக் காட்ட வேண்டியிருக்கும். இரண்டாம் தடவையே "இவளுக்குக் கீரை பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

இனி, எதற்கு உண்மையில் ஓடி வர வேண்டும்? ஒரு வயதுக்குக் கீழே இரண்டு மாதம் தொடர்ந்து நிறை ஏறாவிட்டால், அதற்கு மேல் மூன்று மாதம் ஏறாவிட்டால், எந்த வயதிலும் நோய் எதுவும் இன்றி நிறை குறைந்தால், வரைபில் பெரிய கோடு ஒன்றைக் கடந்து கீழே இறங்கினால் வாருங்கள். பால் குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்கினால், காரணம் தெரியாத காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால், வயிற்றோட்டம் இரண்டு வாரம் நீடித்தால், மலம் எண்ணெய்ப் பசையாகப் போனால், வீட்டில் யாருக்காவது காசநோயோ நீண்ட நாள் இருமலோ இருந்தால், பிள்ளை இருக்க, நடக்க, பேசப் பிந்தினால், காலில் வீக்கம் கண்டால் தாமதிக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் மேற்கையின் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான போசாக்கின்மை, அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டும். சாதாரண காய்ச்சல், வயிற்றோட்டத்தின் பின் பிள்ளை மெலிந்திருந்தால் இரண்டு வாரத்துக்கு நாளுக்கு ஒரு நேரம் கூடுதலாகக் கொடுங்கள், இழந்ததைப் பிள்ளை பிடித்துவிடும். கிளினிக்கில் தரும் பூச்சி மருந்தையும் விற்றமின் ஏ-யையும் தவறவிடாதீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் முட்டையும் மீனும் வாங்கக்கூடிய வீடுகளுக்கு. அப்படி வாங்க முடியாத வீடுகளும் நம் ஊரில் உண்டு. 2016ஆம் ஆண்டு நாடளாவிய குடிசன சுகாதார ஆய்விலேயே, பொருளாதார நெருக்கடிக்கு முன்பே, ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 பேர் மெலிந்தவர்கள் என்று காணப்பட்டது. தோட்டப் பகுதிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை உயரம் குறைந்தது. 2022இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் நாம் வரிசையில் நின்றபோது, வரிசையில் நிற்கவே காசில்லாதவர்கள் வீட்டிலிருந்தார்கள். அந்தத் தாயிடம் "முட்டை கொடு அம்மா" என்று சொல்லி அனுப்புவது மருத்துவம் அல்ல. முட்டை எங்கிருந்து வரும் என்பதும் எங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

அதனால்தான் சங்கத்தின் நூற்றாண்டுப் பணிகளைப் பற்றி இரண்டு சொல் சொல்ல விரும்புகிறோம். அக்காமார் கோபிக்கக் கூடாது. வறிய குடும்பங்களின் குழந்தைகளுக்குப் பால்மாப் பொதிகள் கொடுக்கலாம் என்று ஒரு யோசனையும், விழா நாளில் கொழுகொழு குழந்தைப் போட்டி நடத்தலாம் என்று ஒரு யோசனையும் இருப்பதாக அறிகிறோம். வெளிநாட்டிலுள்ள நம் சகோதரிகள் டின்களை அனுப்பவும் ஆயத்தமாக இருக்கிறார்கள். நல்ல மனத்தோடு எழுந்த யோசனைகள்தான். ஆனால் இரண்டையும் மாற்றியமைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1930களில் ஆபிரிக்காவின் தங்கக் கரையில், இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் வேலை செய்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் நிறுத்தப்பட்ட மூத்த பிள்ளைகள் வயிறு வீங்கி, தோல் உரிந்து சாவதைக் கண்டார். நோயின் பெயரை அங்குள்ள பெண்களிடமே கேட்டார். அவர்கள் சொன்ன சொல்தான் குவாஷியோர்க்கர். தாய் சொல்வதைக் கேட்ட மருத்துவர் அவர். பின்னர் சிங்கப்பூரில், 1939ஆம் ஆண்டு, தாய்ப்பாலின் இடத்தில் டின்பாலை விற்பதைக் கண்டித்து "பாலும் கொலையும்" என்று தலைப்பிட்டே உரை நிகழ்த்தினார். அத்தகைய விற்பனைக்கு எதிரான உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை 1981இல்தான் வந்தது.

ஒரு டின் பால்மா பத்து நாளில் முடிந்துவிடும். பதினோராம் நாள் தாய் என்ன செய்வாள்? மிச்சத்தை நீளமாகக் கரைப்பாள், அல்லது கடன்பட்டு அடுத்த டின்னை வாங்குவாள். தாய்ப்பால் சுரப்பும் அதற்குள் குறைந்திருக்கும். கிணற்றுத் தண்ணீர் சுத்தமில்லாத இடத்தில் போத்தல் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். அதே காசுக்கு முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஐந்து நாள் ஒரு அவித்த முட்டையோ பயறோ கொடுக்கலாம். வசதியுள்ள வீட்டுக்கு நாலு முட்டையிடும் கோழிகளும் ஒரு முருங்கைத் தடியும் கொடுக்கலாம். பக்கத்துக் கிளினிக்குகளுக்கு நல்ல தராசும் நீளம் அளக்கும் பலகையும் வாங்கிக் கொடுக்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசி, எந்தக் குடும்பங்களுக்கு எது தேவை என்று கேட்டுச் செய்யலாம். அந்தப் பட்டியல் வேறு எவரிடமும் இருப்பதைவிட, வீடு வீடாகச் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் போகும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சரியாக இருக்கும்.

1926ஆம் ஆண்டு களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. நம் சங்கத்தின் வயதும் ஏறக்குறைய அதுவே. வீட்டுப் படலைக்கு வந்து பிள்ளையை நிறுத்து எழுதும் இந்த ஏற்பாட்டை, 1973இலிருந்து கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷாவை, பல நாடுகள் பார்த்துப் பொறாமைப்படுகின்றன. நாமோ "மிட்வைஃப் வந்தவ, கேற்றைத் திறக்கேல்லை" என்று சொல்கிறோம். தனியார் மருத்துவரிடம் போகும் வசதியுள்ள வீட்டிலும் கேற்றைத் திறவுங்கள். திரிபோஷா தரப்பட்ட பிள்ளைக்கே அதைக் கொடுங்கள். வீட்டார் எல்லோருக்கும் உருண்டை பிடித்துப் பங்கிட்டால் நோக்கம் கெட்டுவிடும்.

குழந்தைப் போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. மேடையில் கொழுத்த பிள்ளைக்குக் கிண்ணம் கொடுத்தால், கீழே நிற்கும் நாற்பது தாய்மாருக்கு நாம் என்ன சொல்கிறோம்? அவர்களுள் குறைமாதத்தில் 1.8 கிலோவோடு பிறந்த பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்து, இன்று 9 கிலோவுக்குக் கொண்டுவந்த தாயும் இருப்பாள். கிண்ணம் கொடுப்பதானால் அவளுக்குக் கொடுங்கள். அல்லது மாதம் தவறாமல் புள்ளியிடப்பட்ட கிளினிக் கொப்பிக்குக் கொடுங்கள். தகப்பன்மார் கொண்டுவந்து நிறுத்த கொப்பியாக இருந்தால் இரட்டைப் பரிசு கொடுங்கள்.

கடைசியாக, இங்கே இருக்கும் அம்மம்மாமாரிடமும் அப்பம்மாமாரிடமும் ஒரு வேண்டுகோள். சாப்பாடு ஊட்டும் அறையில் உங்கள் அனுபவம் எங்களுக்குப் பெரிய துணை. கஞ்சி காய்ச்சத் தெரிந்தவர்கள் நீங்கள்தான். ஆனால் பிள்ளையைப் பார்க்க வரும்போது முதல் வசனமாக "என்ன, மெலிஞ்சு போனான்" என்று சொல்லாதீர்கள். அந்த வசனத்தைக் கேட்ட இரவு மருமகள் அழுதுகொண்டு போத்தல் கரைக்கிறாள். பிள்ளை பிறந்த முதல் ஆண்டில் மனச்சோர்வுக்குள்ளாகும் தாய்மார் பலர். தாய் வாடினால் பிள்ளையின் கோடும் சாயும். "நீ சாப்பிட்டியா, பிள்ளையை நான் கொஞ்ச நேரம் வைச்சிருக்கிறன், நீ படு" என்று சொல்லிப் பாருங்கள். நாங்கள் எழுதும் எந்த மருந்தும் அதற்கு ஈடாகாது.

இளம் தாய்மாரே, இன்று வீட்டுக்குப் போய் அந்தக் கொப்பியை எடுங்கள். தடுப்பூசிப் பக்கத்தைத் தாண்டி வரைபை விரியுங்கள். புள்ளிகளைக் கோடாக இணையுங்கள். கோடு ஏறிக்கொண்டிருந்தால், பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையோடு விளையாடுங்கள். கோடு படுத்திருந்தால் பக்கத்து வீட்டாரிடமும் கடைக்காரரிடமும் கேட்காமல் கொப்பியோடு எங்களிடம் வாருங்கள். புள்ளிகளே இல்லாவிட்டால், அடுத்த கிளினிக் நாள் எது என்று உங்கள் பகுதி உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.